பின்கோடு மாத்தறதுக்கு பீரங்கி எதுக்கு?

முதல்லயே சொல்லிடறேன், இது பொட்டி தட்டுற மக்களுக்கான பதிவு. மத்தவங்களுக்கும் புரியற மாதிரி எழுதத்தான் முயற்சி பண்ணியிருக்கேன். பாதியில கொட்டாவி வந்தா நிர்வாகம் பொறுப்பல்ல :-)

ஹாஸ்கல் எழுதறவங்க நாலு பேர் கூடினா சீக்கிரமே லென்ஸ் பேச்சு வந்துடும். "எந்த லைப்ரரி?"ன்னு கேப்பாங்க. சின்னது ஒண்ணோட பேரைச் சொன்னா ஒரு மாதிரி பார்ப்பாங்க. பெருசைப் போட்டு எழுதறவன் விவரமானவன், சின்னதைப் போட்டு எழுதறவன் அரைகுறை. இப்படி ஒரு நெனப்பு. இந்த நெனப்பு தப்பு மட்டுமில்ல, அடுத்தவங்க தலையில பாரத்தை ஏத்தற வேலையும் கூட. நானும் அந்தக் கூட்டத்துல இருந்தவன்தான். அதான் இவ்ளோ கோபம்.

லென்ஸ்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு சுருக்கமா. ஹாஸ்கல்ல ஒரு பொருளை உருவாக்கிட்டா அப்புறம் அதை மாத்த முடியாது. மாத்தணும்னா புதுசு ஒண்ணு செய்யணும். ஒரு பில் இருக்கு. அதுக்குள்ள வாடிக்கையாளர், அவருக்குள்ள முகவரி, அதுக்குள்ள பின்கோடு. ஜாவாலயோ பைத்தான்லயோ புள்ளி வெச்சு புள்ளி வெச்சு உள்ள போய் ஒரு சமக்குறி போட்டா வேலை முடிஞ்சுது. ஹாஸ்கல்ல புது பின்கோடு வெச்சு புது முகவரி, அதை வெச்சு புது வாடிக்கையாளர், அவரை வெச்சு புது பில். ஒவ்வொரு அடுக்குக்கும் பேரை மறுபடி மறுபடி எழுதணும். மூணு அடுக்கு போனா வெங்காயம் உரிச்ச கதைதான்.

லென்ஸ்ங்கறது அந்த பின்கோடு இருக்கற இடத்தைச் சுட்டிக்காட்டற விரல். அதுக்கு ரெண்டு வேலை தெரியும். அங்க இருக்கறதை எடுத்துக் கொடுக்கும். அங்க வேற ஒண்ணை வெச்சு, மத்ததெல்லாம் அப்படியே இருக்கற புதுப் பொருளைக் கொடுக்கும். மூணு விதிக்குக் கட்டுப்படணும். வெச்சதைத்தான் திரும்ப எடுக்கணும், எடுத்ததையே திரும்ப வெச்சா எதுவும் மாறக்கூடாது, ரெண்டு தடவை வெச்சா கடைசியா வெச்சதுதான் நிக்கணும். பெஞ்சமின் பியர்ஸும் கூட்டாளிகளும் மர வடிவத் தரவுகளை இரு பக்கமும் ஒத்துப்போக வைக்கறதைப் பத்தி 2005ல எழுதின ஆய்வுக் கட்டுரையில இந்தப் பேரும் விதிகளும் இருக்கு.

அப்புறம் 2009ல ட்வான் வான் லார்ஹோவன் ஒரு வேலை செஞ்சார். எடுக்கறது, வைக்கறது ரெண்டையும் ஒரே ஃபங்ஷனுக்குள்ள அடக்கினார். உள்ள இருக்கறதை மாத்தற ஃபங்ஷனைக் கொடுத்தா, முழுப் பொருளை மாத்தற ஃபங்ஷனைத் திருப்பிக் கொடுக்கும். நடுவுல எந்த ஃபங்டரைப் போடறோம்ங்கறதைப் பொறுத்து அது எடுக்கும், இல்லேன்னா வைக்கும். ரெண்டு லென்ஸை ஒட்டறதுக்கு ஃபங்ஷன்களை ஒட்டற அதே சாதாரணப் புள்ளி போதும். 2012ல எட்வர்ட் கிமெட் இதே அஸ்திவாரத்து மேலதான் தன்னோட பெரிய 'லென்ஸ்' லைப்ரரியைக் கட்டினார்.

இங்கதான் நம்ம ஆளுங்க கவனிக்காம விட்ட சமாச்சாரம் இருக்கு. இந்த வடிவத்துல லென்ஸ்ங்கறது வெறும் ஒரு ஃபங்ஷன். அதை எழுத ஃபங்டர் மட்டும் போதும், அது ஹாஸ்கலோட அடிப்படை லைப்ரரியிலேயே இருக்கு. அதாவது ஒரு லென்ஸ் எந்த லைப்ரரிக்கும் சொந்தமில்லை! சின்னதை வெச்சு நீங்க எழுதின லென்ஸை, பெருசை வெச்சு எழுதறவர் அப்படியே எடுத்துப் பயன்படுத்தலாம். நாளைக்கு நீங்களே பெருசுக்கு மாறணும்னாலும் பெரும்பாலும் இம்போர்ட் வரியை மாத்தினா போதும், ஏன்னா குறியீடுகளோட பேர்கூட ஒண்ணுதான். செல்போன் கம்பெனியை மாத்தினாலும் நம்பர் மாறாத மாதிரி.

அப்புறம் எதுக்கு முதல் நாளே பெருசு?

மைக்ரோலென்ஸ்னு ஒண்ணு 2015ல வந்தது. அதோட மையப் பகுதி அடிப்படை லைப்ரரியைத் தவிர வேற எதையும் கேக்காது. ரெக்கார்ட்ல இருந்து தானா லென்ஸ் உண்டாக்கணுமா, அதுக்குத் தனி பேக்கேஜ். ஸ்டேட் மோனாடுக்கு ஏத்த மாதிரி வேணுமா, அது வேற பேக்கேஜ். வேணுங்கறதை மட்டும் எடுத்துக்கலாம். பெருசைக் கூப்பிட்டா அது தனியா வராது. காமனாட், ப்ரொஃபங்டர், ஃப்ரீ, கான் எக்ஸ்டென்ஷன், வெக்டர்னு ஒரு கல்யாண கோஷ்டியே பின்னாடி வரும். ஒரு பின்கோடு மாத்தறதுக்கு கான் எக்ஸ்டென்ஷன் கம்பைல் ஆகறதை உக்காந்து பார்த்திருக்கீங்களா? நான் பார்த்திருக்கேன். டீ குடிச்சிட்டு வந்தும் பார்த்திருக்கேன்.

என் கதையைச் சொல்றேன். பொழுதுபோக்கா பில் படிக்கற குட்டி லைப்ரரி ஒண்ணு எழுதினேன். கெத்தா பெருசைத்தான் போட்டேன். நண்பர் ஒருத்தர் அதை மாசச் சந்தாவுல எடுத்த ஒரு குட்டி சர்வர்ல ஏத்தப் பார்த்தார். மெமரி பத்தாம கம்பைல் பாதியில செத்துப்போச்சு. "ஒரு பில் படிக்க இவ்ளோவாய்யா?"ன்னு கேட்டார். பதில் இல்லை.

ரெண்டாவது அடி இன்னும் பலம். ஹாஸ்கல் கத்துக்கற ஒரு தம்பி அதே லைப்ரரியை வெச்சு பார்சல் சீட்டு அச்சடிச்சுட்டு இருந்தான். சில சீட்டுல பின்கோடு வர்ற இடம் காலி. பிழைச்செய்தி எதுவும் வரலை. சரிபண்ணலாம்னு என் நிரலைத் திறந்திருக்கான். உள்ள பார்த்தா <<%~ , ^@.. இப்படியெல்லாம். "அண்ணே, இது நிரலா, பூனை கீபோர்டு மேல நடந்ததா?"ன்னான். ரெண்டு நாள் முட்டி மோதிட்டு விட்டுட்டான்.

பிழை என்ன தெரியுமா? சில பில்லுல முகவரியே கிடையாது. அந்த இருக்கலாம்-இல்லாமலும் போகலாம் அடுக்கைத் தாண்டி ^. குறியை வெச்சு எடுத்தா, உள்ள இருக்கறது ஸ்ட்ரிங்கா இருக்கற பட்சத்துல, சத்தமில்லாம காலி ஸ்ட்ரிங் வந்துடும். எண்ணா இருந்திருந்தா மானாய்ட் இல்லைன்னு கம்பைலர் சம்பந்தமில்லாம எதையோ சொல்லியாவது திட்டியிருக்கும். ^? போட்டிருந்தா 'இல்லை'ங்கறது தனியா, ஒழுங்கா வந்திருக்கும். ஒரே ஒரு எழுத்து!

நேர்மையா சொல்லணும், இதே குழி மைக்ரோலென்ஸ்லயும் இருக்கு. சின்னதைப் போட்டிருந்தாலும் நான் விழுந்திருப்பேன். ஆனா தம்பி கண்டுபிடிச்சிருப்பான். ஏன்னா அங்க கத்துக்க வேண்டிய குறிகள் கைவிரல்ல எண்ணற அளவுதான். ஒரு சாயங்காலம் உக்காந்தா ^. க்கும் ^? க்கும் என்ன வித்தியாசம்னு பிடிபட்டுடும். பெருசுல டஜன் கணக்கான குறிகளுக்கு நடுவுல அவன் அதை எங்க தேடுவான்? (இந்தக் குழியை டைப் மட்டத்துலயே மூடணும்னா 2019ல வந்த 'ஆப்டிக்ஸ்' இருக்கு. ஆனா அது தன் லென்ஸைத் தனி டைப்புக்குள்ள மூடி வைக்குது. நான் மேல சொன்ன யாருக்கும் சொந்தமில்லாத சுதந்திரம் அங்க போயிடும்.)

சரி, வழக்கமா வர்ற எதிர்வாதங்கள்.

"எப்படியும் வேற ஏதோ லைப்ரரி பெருசை இழுத்துட்டு வரத்தான் போவுது, நான் மட்டும் சிக்கனமா இருந்து என்ன?" ஐயா, அந்த வேற ஏதோ லைப்ரரியை எழுதினவரும் இதையேதான் நெனச்சார். குப்பைத்தொட்டி பக்கத்துல குப்பை கிடக்குன்னு நாமளும் அங்கயே வீசற நியாயம் இது.

"லென்ஸே வேண்டாம், இப்பத்தான் புள்ளி வந்துடுச்சே?" ஆமா, 2021ல வந்த ஜிஎச்சி 9.2ல இருந்து புள்ளி வெச்சே உள்ள போய்ப் படிக்கலாம். நல்ல விஷயம். படிக்கறது மட்டும்தான் வேலைன்னா மைக்ரோலென்ஸ்கூட வேண்டாம், நானே சொல்றேன். ஆனா பில்லுல இருக்கற அத்தனை பொருளோட விலையையும் 5 சதவீதம் ஏத்தணும்னா புள்ளி உதவாது. ஒரு பாதையை இன்னொரு ஃபங்ஷன் கையில கொடுத்து 'இந்த இடத்துல வேலை பண்ணு'ன்னு சொல்லவும் முடியாது. சின்ன லென்ஸ் ரெண்டையும் செய்யும்.

"பெருசுல இருக்கற வசதி சின்னதுல உண்டா?" எல்லாம் கிடையாது. எத்தனாவது இடம்னு சொல்லிக்கிட்டே நடக்கற டிராவர்சல், திருப்பிக் கட்டித் தர்ற ப்ரிஸம், இதெல்லாம் மைக்ரோலென்ஸ் மையத்துல இல்லை. உங்களுக்கு நெஜமாவே தேவைன்னா, நீங்க எழுதறது நீங்களே ஓட்டற அப்ளிகேஷன்னா, தாராளமா பெருசைப் போடுங்க. கம்பைல் ஆகக் காத்திருக்கப் போறது நீங்கதான். ஆனா அடுத்தவங்க பயன்படுத்தப் போற லைப்ரரி எழுதறீங்கன்னா, காத்திருக்கப் போறது அவங்க. மெமரி பத்தாம முழிக்கப் போறதும் அவங்க. உங்க கெத்துக்கு அவங்க ஏன் வாடகை கட்டணும்?

நான் என்னோடதை மாத்தி எழுதினேன். அரை நாள் வேலை. முக்கால்வாசி இம்போர்ட் வரிதான். பெருசோட விசேஷக் குறிகளைப் பயன்படுத்தின ரெண்டு இடத்தை மட்டும் உக்காந்து எழுதினேன், அதுவும் சாதாரண ஃபங்ஷனாவே நாலு வரியில முடிஞ்சுது. பின்கோடு பிழையை வேணும்னே தொடலை. தம்பிகிட்ட மறுபடி கொடுத்தேன். மறுநாள் காலையில திருத்தம் வந்துடுச்சு, ஒரு எழுத்து மாத்தி. கூடவே முகவரி இல்லாத பில்லுக்கு சீட்டே அடிக்காம எச்சரிக்கை தர்ற மாதிரியும் பண்ணியிருந்தான். அது எனக்குத் தோணவே இல்லை.

டிஸ்கி: பெரிய லைப்ரரியை எழுதினவர் மேல எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. அது பிரமாதமான வேலை. வருத்தமெல்லாம் தேவையில்லாம அதைத் தூக்கிட்டுத் திரிஞ்ச என்னை மாதிரி ஆளுங்க மேலதான். மாற்றுக்கருத்து இருந்தா வாங்க, சண்டை போடலாம். ஆனா உங்க லைப்ரரி எதை எதையெல்லாம் இழுத்துட்டு வருதுன்னு ஒரு தடவை எண்ணிப் பார்த்துட்டு வாங்க :-)