அடைக்கு உட்காருமா? முதல்ல அதைக் கேளுங்க!

வீட்டுல கோழி வளர்க்கலாம்னு பேச்சை எடுத்தா, மதுரையில அடுத்த நிமிஷமே 'ஆடுகளம்' வந்துடும். 2011-ல படம் வந்ததுலேர்ந்து, வளர்த்தா சண்டைச் சேவல்தான்னு நம்ம பசங்களுக்கு ஒரு நினைப்பு. அந்த இனத்துக்குப் பேரு அசில். கம்பீரம்தான், மறுக்கலை. ஆனா பாஸ், கோரிப்பாளையம் மாதிரி நெருக்கடியான ஏரியாவுல, வீட்டுக்குப் பின்னாடி இருக்கிற துண்டு இடத்துல ரெண்டு அசில் சேவலை விட்டுப் பாருங்க... சாயங்காலம் ஒண்ணுதான் நிக்கும்! முட்டையும் கம்மி, வளர்த்தியும் மெதுவு.

இன்னொரு கோஷ்டி கடக்நாத் கட்சி. மத்தியப் பிரதேசத்து ஜாபுவாவோட கருங்கோழி. 2018-ல புவிசார் குறியீடு கிடைச்சுது. 2022-ல தோனியோட ராஞ்சிப் பண்ணைக்கு 2,000 குஞ்சு போச்சுன்னு செய்தி வந்ததும் மவுசு எங்கேயோ போயிடுச்சு. கறி கறுப்பு, எலும்பு கறுப்பு, முட்டை மட்டும் கறுப்பில்லை. கறுப்பு முட்டைன்னு யாராச்சும் வித்தா ஓடிடுங்க. (2012 ஈமு கதை ஞாபகம் இருக்கில்ல?)

சரி, முட்டைக் கணக்கு பார்ப்போம். பண்ணை வெள்ளை லெகார்ன் வருஷத்துக்கு 300 பக்கம் போடும். ஹைதராபாத் ஆராய்ச்சி மையம் உருவாக்கின கிராமப்ரியா 200-க்கு மேல. நம்ம நாட்டுக்கோழி? 60, மிஞ்சினா 80. இன்ஜினீயரிங் மூளைக்கு இதுல யோசிக்க என்ன இருக்கு, லெகார்ன்தானே?

அங்கதான் மேட்டர். அடைக்கு உட்கார்ற கோழி அந்த 21 நாளும் முட்டை போடாது. குஞ்சோட திரியுற வாரங்கள்லயும் போடாது. நாட்டுக்கோழியோட நம்பர் குறையுறதுக்கு இதுவும் ஒரு காரணம். லெகார்ன்ல அந்தக் குணத்தையே தலைமுறை தலைமுறையாக் கழிச்சுக் கட்டிட்டாங்க. முட்டை நிறைய வரும், அடுத்த தலைமுறை தானா வராது. வனராஜா, கிராமப்ரியா மாதிரி கலப்பினங்கள்ல குஞ்சு பொரிச்சாலும் தாய் மாதிரியே வரும்னு சொல்ல முடியாது. ஒவ்வொரு தடவையும் காசு கொடுத்துத்தான் குஞ்சு வாங்கணும்.

மேலூர், வாடிப்பட்டிப் பக்கமிருந்து பஸ் ஏறி வர்ற நம்மாளுங்களுக்குத் தெரியும், எக்ஸாம் ஃபீஸுக்கு அம்மா வித்தது பெரும்பாலும் ஒரு சேவலாத்தான் இருக்கும். கையில காசில்லாதப்பவும் கூடு காலியாகாம இருந்தாத்தான் அது நடக்கும்.

அதனால என் ஓட்டு சிறுவிடைக்கு. சின்ன உடம்பு, தீனி கம்மி, பருந்து நிழல் பட்டாலே குஞ்சுகளைக் கூப்பிட்டு இறக்கைக்குள்ள அடக்கிக்கும். (மதில் தாண்டிப் பறக்கும், ஒரு பக்க இறக்கை நுனியை வெட்டி விடுங்க.) முட்டையும் கூட வேணும்னா ஒரு தில்லாலங்கடி வேலை இருக்கு. நல்லா முட்டை போடுற இனத்தோட கருமுட்டை பத்து வாங்கி சிறுவிடைக்கு அடை வெச்சிடுங்க. யார் பெத்த பிள்ளைன்னெல்லாம் அது பார்க்காது!

'நாட்டுக்கோழிக்கு நோயே வராது'ன்னு சொல்றவங்களை மட்டும் நம்பாதீங்க. வெள்ளைக்கழிச்சல் வந்தா ஒரே வாரத்துல கூடே காலி. ஏழாம் நாள் சொட்டு மருந்து, எட்டாவது வாரம் ஊசி. கால்நடை மருந்தகத்துல கேளுங்க.

நாலஞ்சு பெட்டைக்கு ஒரு சேவல் தாராளம். அது விடியுறதுக்கு முன்னாடியே கூவும். பக்கத்து வீட்டு ஆன்ட்டிக்கு முதல் முட்டையைக் கொடுத்து இப்பவே கரெக்ட் பண்ணி வெச்சுக்கோங்க!