நெட்டு வருதில்ல, அப்புறம் என்ன?

சொந்தமாக மெயில் சர்வர் வைத்திருக்கிறோம் என்றால் போடியில் சிரிக்கிறார்கள். ஏலக்காய் வியாபாரம் பார்க்கிற சின்ன ஆபீசுக்கு எதற்கய்யா இந்த வேலை என்கிறார்கள். காரணம் இருக்கிறது. ஆளுக்கு இவ்வளவு என்று மாதாமாதம் மெயிலுக்கு வாடகை கட்ட முதலாளிக்கு மனசில்லை. எந்தத் தோட்டத்துச் சரக்கு, யாரிடம் என்ன விலைக்குப் பேசினோம் என்ற கடிதமெல்லாம் அடுத்தவன் கம்ப்யூட்டரில் கிடப்பதில் அதைவிட மனசில்லை. பழைய கம்ப்யூட்டர் ஒன்று சும்மா கிடந்தது. லினக்ஸுக்குக் காசு கிடையாது. நெட்டு, டிவி கேபிள் இழுத்தவரே கொடுத்திருக்கிறார்.

கேபிள் அறுவதைப் பற்றி நான் புலம்ப வரவில்லை. ஆனி, ஆடியில் மலைக்கணவாய் வழியாக வரும் காற்று ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலையைச் சுற்றுகிறது. இங்கே கரண்ட் கம்பத்துக்குக் கம்பம் தொங்கும் கேபிளைப் பிய்க்கிறது. அது விட்டுவைத்ததை வைக்கோல் லாரி இழுத்துப்போகும். மாதாந்திரப் பராமரிப்பு என்று பகலெல்லாம் கரண்ட் நிற்கும் நாளில் நம் யூபிஎஸ் ஓடும். தெருமுனைப் பெட்டியில் கேபிள்காரர் வைத்த பேட்டரி செத்திருக்கும். இத்தனையையும் மெயில் தாங்கும். எதிர்முனை எழுந்திருக்கவில்லை என்றால் அனுப்பும் சர்வர் கடிதத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு நாலைந்து நாள் வரை திரும்பத் திரும்ப முயலவேண்டும் என்பது மெயில் விதிகளிலேயே இருக்கிறது. வருகிற கடிதம் தாமதமாகும், தொலையாது.

தகராறு பெரும்பாலும் போகிற கடிதத்தில்தான்.

1982-இல் ஜான் போஸ்டல் எழுதிய எஸ்எம்டிபி என்ற மெயில் விதிப்படி எந்தக் கம்ப்யூட்டரும் இன்னொன்றின் கதவைத் தட்டிக் கடிதத்தை நீட்டலாம். அந்தக் கதவுக்கு எண் 25. வைரஸ் புகுந்த வீட்டுக் கம்ப்யூட்டர்கள் அந்த வழியாகக் குப்பை மெயிலைக் கொட்டியதால், இணைப்பு கொடுக்கும் நிறுவனங்கள் பலவும் வெளியே போகும் 25-ஐ அடைத்துவிட்டன. அடைத்த காரணம் நியாயம். திறக்கச் சொல்லிக் கேட்க ஒரு ஆள் இல்லாததுதான் அநியாயம். கேபிள் ஆபீசுக்குப் போன் போட்டால் பதில் இப்படி வருகிறது:

“அண்ணே, யூடியூப் ஓடுதா?”

“ஓடுது தம்பி. மெயில்தான் வெளிய போகல.”

“நெட்டு வருதில்ல, அப்புறம் என்ன?”

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. கம்பம் ஏறிக் கேபிளை ஒட்டவைப்பது அவர் வேலை. 25-ஆம் கதவைத் திறக்கும் சாவி எந்த ஊரில் யார் கையில் இருக்கிறதென்று அவருக்கே தெரியாது.

அடுத்தது ஐபி முகவரி. பழைய ஐபிவி4 கணக்கில் உலகத்துக்கே சுமார் 430 கோடி முகவரிதான். ஆசிய-பசிபிக் பகுதிக்கான கையிருப்பு 2011 ஏப்ரலிலேயே கடைசித் தொகுதிக்கு வந்துவிட்டது. அதனால் ஒரே முகவரிக்குப் பின்னால் பல வீடுகளை அடைக்கிறார்கள். மோடத்துக்குள் பார்த்தால் 100.64 என்று தொடங்கும் எண் இருக்கும். 2012-இல் இதற்கென்றே ஒதுக்கிய வரிசை அது. வெளியிலிருந்து யாரும் அந்த எண்ணைத் தேடி வர முடியாது. சர்வர் வைக்க மாறாத முகவரி, அதாவது ஸ்டேடிக் ஐபி வேண்டும், அதற்குத் தனிக் காசு. சரி, கட்டினோம்.

கட்டியபிறகு ரிவர்ஸ் டிஎன்எஸ் என்கிறார்கள். இந்த எண்ணுக்கு உரிய பெயர் இது என்று சொல்லும் ஒரே ஒரு வரி. கடிதம் நம்முடையதுதான் என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் எல்லாம் நம் டொமைன் சம்பந்தப்பட்டவை. உட்கார்ந்து நாமே எழுதிவிட்டோம். இந்த வரியை மட்டும் எண்ணுக்குச் சொந்தக்காரரான நிறுவனம்தான் எழுத முடியும். கூகுளும் யாஹூவும் 2024 பிப்ரவரியிலிருந்து அனுப்புகிற எல்லோரிடமும் அதைக் கேட்கின்றன. போதாததற்குத் தடைப்பட்டியல். குப்பை மெயிலைத் தடுக்கும் ஸ்பாம்ஹாஸ் அமைப்பு வைத்திருக்கும் பிபிஎல் என்ற பட்டியலில் வீட்டு இணைப்புகளின் முகவரிகள் வரிசை வரிசையாக ஏறியிருக்கும். பலவற்றை இணைப்பு கொடுக்கும் நிறுவனங்களே எழுதிக் கொடுக்கின்றன. தெருவில் எவனோ சாராயம் காய்ச்சினான் என்று தெரு மொத்தத்துக்கும் ரேஷனை நிறுத்துகிற கதை. நாம் என்ன எழுதினோம் என்று படித்துப் பார்த்துத் தள்ளினால்கூடப் பரவாயில்லை. எங்கிருந்து வருகிறோம் என்று பார்த்தே தள்ளுகிறார்கள்.

கடைசியில் மும்பை டேட்டா சென்டர் ஒன்றில் வாடகை சர்வர் பிடித்து அதன் வழியாக அனுப்புகிறோம். மலையேறிப் போனால் வண்டன்மேடு. அங்கிருக்கிற தோட்டக்காரருக்கு நாம் அனுப்பும் விலைப்பட்டியல் மும்பை போய் மலையேறுகிறது. வாடகையே வேண்டாமென்று ஆரம்பித்த முதலாளி இப்போது கேபிளுக்கு ஒன்று, ஸ்டேடிக் ஐபிக்கு ஒன்று, மும்பைக்கு ஒன்று என்று மூன்று இடத்தில் கட்டுகிறார்.

எங்கள் கடைக்குப் போர்டு உண்டு, ஜிஎஸ்டி எண் உண்டு, ஸ்பைசஸ் போர்டு உரிமம் உண்டு. நாளைக்கே கடையைச் சாத்திவிட்டு ஓட முடியாது. வாடகை சர்வரை இன்றைக்குப் பிடித்து, குப்பையைக் கொட்டி, நாளைக்கு விட்டுவிட்டு ஓடுகிறவனை டேட்டா சென்டர்காரன் என்று முதலில் நம்புகிறார்கள். எங்களைக் கேபிள்காரரின் வாடிக்கையாளர் என்று முதலிலேயே சந்தேகப்படுகிறார்கள். “பிசினஸ் பிளான்” என்று பெயர் வைத்துக் கூடுதலாகக் காசு வாங்குகிறவர்கள், 25-ஐத் திறப்பதையும் அந்த ஒரு வரி எழுதுவதையும் அதிலேயே சேர்த்து விற்கட்டும். அதுவரை அதை பிசினஸ் பிளான் என்று சொல்லாதீர்கள். யூடியூப் பிளான் என்றே சொல்லுங்கள்.