ஒட்டுப்பாலும் குப்பைத்தொட்டியும்

"நம்மவர்க்குத் தூய்மை உணர்வு இல்லை, தோட்டத்துப் பழக்கத்தைப் பட்டணத்திற்கும் கொண்டுவந்துவிட்டார்கள்" என்னும் பேச்சு நம் மேடைகளில் ஓயாமல் ஒலிக்கிறது. துப்புரவு வாரம் என்றால் இப்பேச்சு. பள்ளிப் பரிசளிப்பு விழா என்றாலும் இப்பேச்சு. பேசுவோர் பெரும்பாலும் நம் இனத்துப் பெரியவர்களே. கேட்போரும் தலையசைத்துக் கைதட்டுகின்றனர். அக்கைதட்டலில் சேர்ந்துகொள்ள எனக்கு மனம் ஒப்பவில்லை. ஏன் என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

நம் வீட்டுக் குப்பை சாக்கடையில் மிதப்பதே இல்லை என்று வாதிட நான் வரவில்லை. அடுக்குமாடி வீட்டின் மூன்றாம் மாடியிலிருந்து நெகிழிப் பொட்டலம் பறந்து வந்து விழுவதை நானும் கண்டிருக்கிறேன், அது கண்டிக்கத்தக்கதே. ஆனால் அது தோட்டத்திலிருந்து வந்த பழக்கம் என்கிறார்களே, அதுதான் பொய். தோட்டத்தை அறியாதவர் சொன்னால் பொறுக்கலாம். லயத்தில் பிறந்து வளர்ந்தவரே அதைச் சொல்லும்போதுதான் நெஞ்சு கொதிக்கிறது.

சுங்கை சிப்புட் வட்டாரத்துக் கமுனிங், எல்பில் முதலான தோட்டங்களில் பால்மரம் சீவிய தலைமுறை இன்னும் முற்றாக மறைந்துவிடவில்லை. அவர்களைக் கேட்டுப் பாருங்கள். விடியுமுன் மரத்தடிக்குப் போகும் தொழிலாளி முதலில் செய்த வேலை எது? முந்தைய நாள் வெட்டில் காய்ந்து ஒட்டிக்கிடந்த பாலை உரித்தெடுத்ததுதான். அதற்குத்தான் ஒட்டுப்பால் என்று பெயர். கிண்ணத்தின் அடியில் உறைந்த கட்டிப்பால் தனி. வேரடியில் சிந்தி மண்ணோடு கலந்து கிடந்தது தனி. எல்லாவற்றையும் கோணிப்பையில் சுமந்து வந்து நிறுவைக்கு வைத்தார்கள். அது ஆலைக்குப் போய்க் கழுவப்பட்டு, அரைபட்டு, பழுப்பு நிறக் கிரேப் ரப்பராகி, கப்பலேறி விலை போயிற்று. மண்ணில் சிந்திய பாலைக்கூட விடாமல் பொறுக்கிய கூட்டத்திற்குத்தான் இன்று பிரித்தெடுக்கும் பாடம் நடத்துகிறோம்!

லயத்து வீட்டிலும் அதே கதைதான். சோறு வடித்த கஞ்சியும் காய்கறித் தோலும் மாட்டுக்கும் கோழிக்கும் போயின. அடுப்புச் சாம்பல் பாத்திரம் துலக்கிற்று. மிச்சம் கீரைப்பாத்திக்குப் போயிற்று. மண்ணெண்ணெய்த் தகரம் தண்ணீர் வாளியாயிற்று, பால்டின் விளக்காயிற்று. இதை நான் பொற்காலம் என்று பாடவில்லை. அந்தச் சிக்கனத்தின் மறுபெயர் வறுமை. லயத்துக் கோடிச் சாக்கடையின் நாற்றத்தையும் நான் மறந்துவிடவில்லை. ஆயினும் வீசி எறியும் பழக்கத்தை அங்கே கற்றோம் என்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. எறிவதற்கு அங்கே என்ன இருந்தது?

பிறகு நடந்ததை நாம் அறிவோம். தோட்டங்கள் துண்டாடப்பட்டன, கைமாறின. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. பல இடங்களில் மரங்கள் சாய்ந்து தாமான்கள் எழுந்தன. மக்கள் பட்டணத்து ஓரங்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் வந்தனர். அங்கே மாடும் இல்லை, கீரைப்பாத்தியும் இல்லை. முன்பு வாழையிலையில் மடித்துத் தந்தது நெகிழியில் வந்தது. 2012 இல் தேசிய திடக்கழிவு நிர்வாகத் துறை நடத்திய ஆய்வில், மலேசிய வீடுகளின் குப்பையில் 44.5 விழுக்காடு உணவுக்கழிவு, 13.2 விழுக்காடு நெகிழி. குழந்தைகளின் அணையாடை மட்டுமே 12.1 விழுக்காடு. ஏறத்தாழப் பாதி மண்ணுக்குத் திரும்ப வேண்டிய பொருள் என்பதைக் கவனியுங்கள். அதனை மீன்முள்ளோடும் அணையாடையோடும் ஒரே பையில் கட்டி நம் வெயிலிலும் மழையிலும் குவித்தால் அழுகாமல் என்ன செய்யும்? அழுகிய நீர் எங்கேதான் வடியும்? ஈயம் தோண்டிக் கைவிட்ட நிலமும் குட்டையும் நிறைந்த கிந்தா பள்ளத்தாக்கில், பெர்ச்சாம் போன்ற குப்பைமேடுகள் வளர்ந்த கதை இதுதான்.

அரசு ஒன்றுமே செய்யவில்லையா எனில், செய்தது. 1993 இல் மறுசுழற்சி இயக்கம் தொடங்கிற்று, சோர்ந்தது. 2000 டிசம்பரில் மீண்டும் தொடங்கிற்று. காகிதத்திற்கு நீலம், கண்ணாடிக்குப் பழுப்பு, நெகிழிக்கும் தகரத்திற்கும் ஆரஞ்சு என மூவண்ணத் தொட்டிகள் எழுந்தன. நவம்பர் 11 தேசிய மறுசுழற்சி நாளாயிற்று. பின்னர் 2007 ஆம் ஆண்டின் திடக்கழிவு, பொதுத் துப்புரவு நிர்வாகச் சட்டம் 2011 செப்டம்பரில் சில மாநிலங்களில் நடைமுறைக்கு வந்தது. 2015 முதல் அம்மாநிலங்களில் வீட்டிலேயே குப்பையைப் பிரிப்பது கட்டாயமாயிற்று. தொட்டி தந்தார்கள், வாரத்தில் இருமுறை சாதாரணக் குப்பைக்கும், ஒருமுறை மறுசுழற்சிப் பொருளுக்கும் லோரி வந்தது. அன்று பேராக் அச்சட்டத்தில் சேரவில்லை. மாநில உரிமை, செலவு எனக் காரணங்கள் சொல்லப்படலாம். அவற்றை நான் இங்கே ஆராயப் புகவில்லை. தனி லோரி வராத தெருவில் வாழ்பவனை நோக்கி 'ஏன் பிரிக்கவில்லை?' என்று அதட்டுவது என்ன நியாயம் என்பதே என் கேள்வி.

நானும் பிரித்தவன்தான். ஏறத்தாழ ஓராண்டு காகிதம் ஒரு பையிலும், புட்டியும் டின்னும் மற்றொரு பையிலுமாக, வீட்டில் உள்ளவர்களோடு சண்டையிட்டுச் சேர்த்து வாசலில் வைத்தேன். ஒருநாள் காலையில் நின்று பார்த்தேன். மூன்று பைகளும் ஒரே லோரியின் ஒரே வாய்க்குள் போயின. இயந்திரம் அவற்றை ஒன்றாக நசுக்கிற்று. பின்னால் தொங்கிக்கொண்டு வந்த இளைஞர் என்னைப் பார்த்துச் சிரித்தார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. குத்தகை ஒப்பந்தத்தில் இல்லாததை அவர் எப்படிச் செய்வார்?

அதே தெருவில் ஞாயிறுதோறும் ஒலிபெருக்கி கட்டிய பழைய லோரியொன்று, 'சூராட் காபார் லாமா' என்று கூவிக்கொண்டு வருகிறது. உடனே கதவுகள் திறக்கின்றன. கட்டிவைத்த செய்தித்தாள், பழுதான மின்விசிறி, டின், இரும்பு எல்லாம் தனித்தனியாக வெளியே வருகின்றன. பாட்டிமார் தராசு முள்ளைக் கண்கொட்டாமல் பார்க்கின்றனர். தூய்மை உணர்வே இல்லை என்று பழிக்கப்படும் அதே மக்கள்தாம் இவர்கள். விலை உண்டு, எடுத்துச் செல்ல ஆள் உண்டு, வந்தே தீருவார் என்ற நம்பிக்கையும் உண்டு. ஒட்டுப்பாலைப் பொறுக்கியதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

இனி, சொல்லக் கூசும் ஒன்று. இப்பட்டணங்களைக் கூட்டியவர் யார்? வெள்ளையர் காலத்துச் சுகாதார வாரியங்கள் தெருக் கூட்டவும் சாக்கடை அள்ளவும் தென்னிந்தியத் தொழிலாளரையே பெரிதும் அமர்த்தின. அவர்களுள் மிகப் பலர், ஊரில் எந்தச் சாதிக்கு எந்த வேலை என்று விதித்திருந்தோமோ, அந்தச் சாதியினர். கப்பலேறியும் அவ்விதி அவர்களை விடவில்லை. ஈப்போ 1962 இல் நகராண்மைக் கழகமாகி, 1988 இல் மாநகராயிற்று என்று பெருமை பேசுகிறோம். அப்பெருமைக்கு முன் விடியற்காலையில் துடைப்பம் பிடித்த கைகளை எந்த மலரிலேனும் அச்சிட்டோமா? 1990 களில் தனியார்மயம் வந்து, குப்பை அள்ளும் வேலை பல ஊர்களில் குத்தகைக்குப் போயிற்று. நிலையான ஊழியமும் ஓய்வூதியமும் இருந்த இடத்தில் ஒப்பந்தக் கூலி வந்தது. இன்று அந்த லோரியில் பிற நாட்டுத் தொழிலாளர் பலர் தொங்குகின்றனர். முன்பு நாம் நின்ற இடத்தில் அவர்கள் நிற்கிறார்கள். நாமோ மேடையேறி, தெருவைக் கூட்டியவனின் பேரனை அழுக்கன் என்கிறோம்!

பொதுமக்களுக்குக் கழிவைப் பற்றி அக்கறை இல்லை என்போர் புக்கிட் மேராவை மறந்துவிட்டனர் போலும். ஈப்போவுக்கு அருகே அங்கு 1982 இல் இயங்கத் தொடங்கிய ஆசிய அரிய மண் தொழிற்சாலை, ஈயக் கழிவிலிருந்து கிடைத்த கனிமத்தைப் பக்குவம் செய்து தோரியம் கலந்த கதிரியக்கக் கழிவை விட்டுச்சென்றது. அதைப் புதைக்கக் குழி வெட்டியபோது 1984 இல் பாப்பான் மக்கள் எதிர்த்தெழுந்தனர். புக்கிட் மேரா மக்கள் 1985 இல் ஈப்போ உயர்நீதிமன்றம் ஏறினர். பெரும்பாலும் எளிய சீனக் குடும்பத்தார். 1992 இல் ஆலையை மூடத் தீர்ப்பானது. 1993 இல் மேல்முறையீட்டில் அது மாற்றப்பட்டது. ஆயினும் 1994 இல் ஆலை மூடப்பட்டது. அங்கே ஒழுக்கம் கற்க வேண்டியிருந்தது எவர்? 2018 இல் சீனா கதவடைத்தபின் செல்வ நாடுகளின் நெகிழிக் குப்பை நம் நாட்டுத் துறைமுகங்களில் வந்து குவிந்ததும், 2020 சனவரிக்குள் 150 கொள்கலன்கள் திருப்பி அனுப்பப்பட்டதும் அண்மைக் கதை. அந்நாடுகளில் பள்ளிப்பிள்ளைகள் ஒழுங்காகத்தான் பிரித்துப் போட்டிருப்பார்கள்.

ஆகவே அடுத்த துப்புரவு வாரத்தில் நம் பெரியவர்கள் வேறு சில கேள்விகளைக் கேட்கட்டும். மக்களிடமன்று, மன்றத்து உறுப்பினர்களிடம். பிரித்த குப்பைக்குத் தனி லோரி எந்த நாளில் வரும்? பசாரிலும் உணவுக்கடைகளிலும் சேரும் உணவுக்கழிவை உரமாக்க இடம் எங்கே ஒதுக்கப்பட்டுள்ளது? லோரியில் தொங்குபவருக்குக் கையுறையும் காப்புறுதியும் உண்டா? குத்தகைப் பத்திரத்தில் அது எழுதப்பட்டிருக்கிறதா? அடுக்குமாடியின் ஒவ்வொரு தளத்திலிருந்தும் மூதாட்டி ஒருவர் குப்பையைத் தூக்கி இறங்கிவர மின்தூக்கி வேலை செய்கிறதா? மதிப்பீட்டு வரி ஆண்டுக்கு இருமுறை தவறாமல் வாங்கப்படுகிறது. கேட்க நமக்கு உரிமை உண்டு.

நான் இப்போதும் பிரித்துத்தான் வைக்கிறேன். குப்பை லோரிக்காக அன்று. ஞாயிற்றுக்கிழமை வரும் பழைய பேப்பர்காரருக்காக.