விகடகவியில் தடுமாறும் நிரல்

கல்லூரி கவுன்சிலிங் நெருங்கும்போது பெற்றோர் கேட்கும் கேள்வி மாறிவிட்டது. எந்தக் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்கும் என்று கேட்டவர்கள், ஏஐயே நிரல் எழுதிவிடும் காலத்தில் பிள்ளை அதைப் படித்து என்ன பயன் என்று கேட்கிறார்கள். இந்தக் கவலை வெறும் வதந்தியால் வந்ததல்ல. 2024 பிப்ரவரியில் துபாயில் நடந்த உலக அரசுகள் மாநாட்டில், இனி யாரும் நிரலாக்கம் கற்கத் தேவையில்லாத நிலையை உருவாக்குவதே தங்கள் வேலை என்ற பொருளில் என்விடியா நிறுவனத் தலைவர் ஜென்சன் ஹுவாங் பேசினார். ஏஐ இயங்கும் சில்லுகளைச் செய்பவரே இப்படிச் சொன்னால் எவருக்கும் தயக்கம் வரத்தான் செய்யும்.

ஒரு சிறிய பயிற்சியை எடுத்துக்கொண்டு இதைப் பார்ப்போம். ஒரு சொல்லை எந்தப் பக்கமிருந்து படித்தாலும் ஒன்றுபோல் வருகிறதா என்று கண்டுபிடிக்கும் நிரலை, கற்கத் தொடங்கும் மாணவர் பலரும் எழுதியிருப்பார்கள். பைத்தான் நிரல்மொழியில் அதற்கு ஒரு வரி போதும். சொல்லைத் திருப்பிப்போட்டு, பழைய சொல்லோடு ஒப்பிட வேண்டும், அவ்வளவுதான். ஏஐயிடம் பொதுவாகக் கேட்டால் பெரும்பாலும் இந்த வரிதான் கிடைக்கும். ‘லெவல்’ என்பதை ஆங்கில எழுத்தில் கொடுத்தால் ‘ஆம்’ என்கிறது. ‘விகடகவி’ என்று தமிழில் கொடுத்தால் ‘இல்லை’ என்கிறது.

காரணம், யூனிகோட் தமிழைச் சேமிக்கும் முறையில் இருக்கிறது. நமக்கு ‘வி’ ஓர் எழுத்து. கணினியிலோ அது ‘வ’ ஒன்று, இகரக் குறி ஒன்று என இரண்டு குறியீடுகள். ஆக, நாம் ஐந்து எழுத்தாகப் படிக்கும் விகடகவி, அங்கே ஏழு குறியீடுகளாகக் கிடக்கிறது. திருப்பிப்போடும்போது இகரக் குறி வகரத்துக்கு முன்னால் வந்துவிடுகிறது, ஒப்பீடு தவறுகிறது. இதில் கவனிக்க வேண்டியது, பிழைச்செய்தி எதுவும் வராது என்பதுதான். நிரல் ஒழுங்காக ஓடி, தவறான விடையைத் தரும்.

உரை எப்படிச் சேமிக்கப்படுகிறது என்று அறிந்த மாணவிக்கு இதைச் சரிசெய்ய அதிக நேரம் ஆகாது. உயிர்க்குறியையும் புள்ளியையும் அவற்றுக்கு முன்னுள்ள எழுத்தோடு சேர்த்து ஒன்றாக்கிவிட்டு, அதன்பிறகு திருப்பு என்று அதே ஏஐயிடம் சொன்னால், அது செய்துகொடுத்துவிடும். அடிப்படை தெரியாதவருக்குத் தவறு நடந்திருப்பதே தெரியாது. எழுதிக்கொடுக்கும் வேலையை இயந்திரம் எடுத்துக்கொள்ளலாம். எதைக் கேட்பது, வந்ததைச் சரி என்று எப்படி உறுதிசெய்வது என்ற பொறுப்பு நம்மிடமே இருக்கிறது. அதற்குத்தான் படிப்பு வேண்டும்.

1957-இல் ஐபிஎம் நிறுவனத்தில் ஜான் பேக்கஸ் குழுவினர் ஃபோர்ட்ரான் என்ற நிரல்மொழியை, அதை இயந்திரக் கட்டளைகளாக மாற்றும் கம்பைலரோடு வெளியிட்டபோதும் அக்கட்டளைகளைக் கையால் எழுதும் வேலை பெருமளவு குறைந்தது, ஆனால் நிரலாளர்கள் பெருகினார்கள் என்று சிலர் ஆறுதல் சொல்வதுண்டு. அந்த ஒப்பீடு பாதிதான் பொருந்தும். கம்பைலருக்கு ஒரே நிரலைக் கொடுத்தால் ஒரே விடைதான் வரும், அதன் விதிகள் எழுதிவைக்கப்பட்டவை. ஏஐக்குப் பின்னால் இருக்கும் மொழி மாதிரியோ (லாங்வேஜ் மாடல்) அப்படி இயங்குவதில்லை. இதுவரை வந்த சொற்களுக்குப் பின் எது வர வாய்ப்பு அதிகம் என்று கணித்துக் கணித்து அது எழுதுகிறது. ஒரே கேள்விக்கு இன்று ஒன்றும் நாளை வேறொன்றும் சொல்லக்கூடும். இல்லாத நிரல் நூலகத்தின் (லைப்ரரி) பெயரைக்கூட உறுதியான தொனியில் எழுதிவைக்கும். கம்பைலரை நம்பியதுபோல இதை நம்ப முடியாது என்பதால், சரிபார்க்கும் திறன் முன்பைவிட இப்போது கூடுதலாக வேண்டியிருக்கிறது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கொடுத்ததை அப்படியே நிரலாக மாற்றித் தருவது மட்டுமே தெரிந்தவருக்கு வரும் ஆண்டுகள் கடினமாக இருக்கும். ஐடி வேலையில் புதிதாகச் சேர்பவர்களுக்குத் தரப்பட்டுவந்த சிறு வேலைகள்தான் ஏஐக்கு மிக எளிதாக வருபவை.

இந்த மாற்றம் பள்ளி வகுப்பறையையும் வந்து தொடுகிறது. தமிழ்நாட்டில் பதினொன்றாம் வகுப்பில் சி பிளஸ் பிளஸ், பன்னிரண்டில் பைத்தான் எனப் பாடத்திட்டம் நன்றாகவே இருக்கிறது. ஆனால் செய்முறைத் தேர்வுக்கு நிரல்களை மனப்பாடம் செய்து, ரெக்கார்ட் நோட்டில் அழகாக எழுதிக்கொடுத்து மதிப்பெண் வாங்கும் பழக்கம் பல இடங்களில் தொடர்கிறது. இயந்திரம் நொடியில் செய்யும் ஒன்றை மாணவர் தூக்கம் கெட்டுப் பழகுவது வருத்தமாக இருக்கிறது. அந்த உழைப்பு வேறு பக்கம் போக வேண்டும். நிரலை ஓட்டுவதற்கு முன்பே என்ன விடை வரும் என்று தாளில் எழுதிப்பார்க்கலாம். முதலில் தானே முயன்றுவிட்டு, முட்டிய இடத்தில் மட்டும் ஏஐயிடம் கேட்கலாம். அப்போதும் முழு நிரலை வாங்காமல், எங்கே தவறினேன் என்று விளக்கம் வாங்கலாம். தடுமாறும் அந்த அரைமணி நேரத்தில்தான் விஷயம் மனத்தில் பதிகிறது, அதை இயந்திரத்திடம் கொடுத்துவிட்டால் கற்றல் நிகழ்வதில்லை.

வீட்டில் கணினி இல்லாதவரும் கூகுள் கோலாபை உலாவியில் திறந்து, கைப்பேசியிலேயே பைத்தான் எழுதிப்பார்க்க முடியும். ஆனால் மாணவர் எதைப் பயிற்சி செய்வார் என்பதைத் தேர்வுதான் முடிவுசெய்கிறது. ஆகவே மாற்றத்தைச் செய்முறைத் தேர்விலிருந்து தொடங்கலாம். ‘இந்த நிரலை எழுதுக’ என்ற வினாவுக்குப் பதிலாக, பிழைச்செய்தி எதுவுமின்றி ஓடித் தவறான விடை தரும் ஒரு நிரலை மாணவர் முன் வைத்து, எந்த உள்ளீட்டில் அது தவறும், ஏன் தவறும், எப்படித் திருத்துவாய் என்று கேட்கலாம். இதற்குப் புதிய ஆய்வகமோ புதிய பாடநூலோ தேவையில்லை.