மடை திறந்தவருக்குச் சங்கத்தில் இடமில்லை

ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துவிட்டால் ராஜபாளையம் பக்கத்து இளைஞர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டியை எடுத்துக்கொண்டு மலையடிவாரம் நோக்கிக் கிளம்பிவிடுகிறார்கள். தளவாய்புரம், முகவூர், சேத்தூர் தாண்டி தேவதானம். அங்கிருந்து உள்ளே திரும்பினால் சாஸ்தா கோவில் அணை. வழியெல்லாம் நெல் வயல், தென்னந்தோப்பு, மாந்தோப்பு. இடையிடையே நிறைந்து கிடக்கும் கண்மாய்கள். பின்னணியில் மேற்குத் தொடர்ச்சி மலை. 1988-இல் சாம்பல் நிற அணில்கள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட காடுகள், 2021 பிப்ரவரியில் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகத்தில் சேர்ந்தபின் இந்தப் பக்கம் வருவோர் கண்ணில் மலைக்கு மதிப்பு கூடியிருக்கிறது.

நம் ஊர் அழகை நாலு பேர் வந்து பார்ப்பதில் நமக்கும் மகிழ்ச்சிதான். நாம் கேட்பது ஒன்றே ஒன்று. கலுங்கில் நின்று படம் எடுக்கிறார்களே, அந்தத் தண்ணீரைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தவர்கள் யார்? அவர்களுக்கு இன்று அதில் என்ன பங்கு?

பெரிய ஆறுகளுக்கு வெள்ளம் பரவி வடிய இரு கரையிலும் அகன்ற சமவெளி உண்டு. வைப்பாற்றுக்கு நீர் கொண்டுவரும் நமது மலையோடைகளின் கதை வேறு. மழை பெய்தால் சீறி இறங்கும், சில நாளில் வற்றிவிடும். அந்த வெள்ளத்தைப் பிடித்துவைக்கத்தான் முன்னோர் கண்மாய்களைச் சங்கிலியாக அமைத்தார்கள். ஒன்று நிறைந்தால் கலுங்கு வழியே மறுகால் பாய்ந்து அடுத்ததற்குப் போகும். இன்று வண்டியில் போகிறவர் இயற்கைக் காட்சி என்று ரசிப்பதில் பாதி, மனிதக் கைகள் மண் சுமந்து உண்டாக்கியது.

அந்தக் கைகள் ஒருநாள் வெட்டிவிட்டுப் போகவில்லை. வரத்துக்கால் தூர்ந்துபோகாமல் பார்க்க ஆள் வேண்டும். மடையைத் திறந்து, எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் என்று முறைவைத்துப் பாய்ச்ச ஆள் வேண்டும். அடைமழை இரவில் கரையில் கசிவு கண்டால் மூட்டை போட்டு அடைக்க ஆள் வேண்டும். மடைக்குடும்பன், நீர்பாய்ச்சி, நீர்க்கட்டி என்று ஊருக்கு ஊர் பெயர் மாறினாலும், தென் மாவட்டங்களில் இந்த வேலையைச் செய்தவர்கள் பெரும்பாலும் பட்டியல் சமூகத்தினரே. குறிப்பாக தேவேந்திரகுல வேளாளர். நெஞ்சளவுத் தண்ணீரில் மூழ்கி மடையடைப்பை எடுத்தவருக்குக் கூலி, அறுவடைக் களத்தில் அளந்து போட்ட நெல். கிணறும் மோட்டாரும் தோப்பும் பெருகியபின் அந்த நெல்லும் பல ஊர்களில் நின்றுபோனது.

வேலைக்கு இருந்தவர், அதிகாரம் என்று வந்தபோது காணாமல்போனார். 2000-ஆம் ஆண்டின் தமிழ்நாடு விவசாயிகள் பாசன அமைப்பு மேலாண்மைச் சட்டம், நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்களைக் கொண்டுவந்தது. அதில் வாக்குரிமை ஆயக்கட்டில் நிலம் வைத்திருப்பவருக்கு. தலைமுறையாக மடையைக் காத்தவருக்கு நிலம் இல்லை; ஆகவே வாக்கும் இல்லை. பின்னர் குடிமராமத்துத் திட்டம் வந்தபோதும் பணிகள் ஆயக்கட்டுதாரர் சங்கங்கள் வழியாகவே நடந்தன. கண்மாயில் மண் வெட்ட நூறு நாள் வேலைக்கு வந்த நம் பெண்கள், அந்தக் கண்மாய் பற்றி முடிவெடுக்கும் கூட்டத்துக்கு அழைக்கப்படவில்லை.

ஊராட்சியின் கதையும் இதே. மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், நமது விருதுநகர் மாவட்டத்தின் கொட்டக்கச்சியேந்தல் ஆகிய நான்கு ஊராட்சிகளின் தலைவர் பதவி 1996-இல் பட்டியல் சமூகத்தினருக்கு ஒதுக்கப்பட்டது. முறையான தேர்தல் நடக்க 2006 வரை பத்து ஆண்டு ஆனது. ஒரு நாற்காலிக்கு ஏன் இத்தனை எதிர்ப்பு? ஊராட்சியின் கண்மாயில் மீன்பாசி ஏலம், கரையில் நிற்கும் மரம், தூர்வாரும் வேலை என்று ஊரின் பொதுச் சொத்தெல்லாம் அந்த நாற்காலியைச் சுற்றித்தான் இருக்கிறது. சாதிப் பெருமைக்கு அடியில் சொத்துக் கணக்கும் இருந்தது என்பதே நம் வாதம்.

இன்னொரு பக்கமும் உண்டு. நீர்நிலை ஆக்கிரமிப்பை அகற்ற 2007-இல் தனிச் சட்டம் வந்தது. கண்மாயைக் காக்க வேண்டும் என்பதில் நமக்கு இரண்டாவது கருத்து இல்லை. மறுகால் போகும் வழி அடைபட்டால் முதலில் தண்ணீர் ஏறுவது நம் தெருவில்தான். ஆனால் நம் குடியிருப்பு ஓடைக்கரையிலும் பள்ளத்திலும் அமைந்தது நாம் விரும்பித் தேர்ந்த இடத்தாலா? மேட்டு நிலத்தில் மனை கொடுக்க ஆளில்லாமல் போனதால் ஒதுங்கிய இடம் அது. பள்ளத்தில் ஒதுக்கியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று நம்மை ஆக்கிரமிப்பாளர் என்கிறார்கள். நாளை சுற்றுலா வளர்ந்து, கரைக்குப் பூங்காவும் நடைபாதையும் வரும்போது, காட்சியைக் கெடுக்கிறது என்று முதலில் கை வைக்கப்படுவது நம் குடிசையாகத்தான் இருக்கும்.

“இயற்கையை ரசிப்பதிலும் சாதியா?” என்று சிலர் கேட்கலாம். 1927 மார்ச் 20 அன்று மகாட் நகரின் சவுதார் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடித்தபோதும், தண்ணீரில் என்ன சாதி என்ற கேள்விதான் எதிரே நின்றது. அன்று கேட்டது குடிக்கும் உரிமை. அதே தண்ணீரை ஆளும் உரிமை மிச்சமிருக்கிறது. நாம் கேட்பது அந்த மிச்சத்தைத்தான்.

நம் கோரிக்கைகள் பெரியவை அல்ல. நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்களில் நிலமற்ற நீர்பாய்ச்சிகளுக்கும் விவசாயத் தொழிலாளருக்கும், பெண்கள் உட்பட, வாக்குடன் கூடிய இடம் வேண்டும். இன்றும் மடை பார்க்கும் ஒவ்வொருவர் பெயரும் பதிவாகி, களத்து நெல்லை நம்பாமல் மாத ஊதியம் கிடைக்க வேண்டும். மீன்பாசி ஏலத்தில் பட்டியல் சமூக மகளிர் குழுக்களுக்கு முன்னுரிமை வேண்டும். நீர்நிலைக் கரையிலிருந்து ஒரு குடும்பத்தை எழுப்பும் முன், அதே ஊரில், மேட்டில், பட்டாவுடன் மனை அளந்து கொடுக்க வேண்டும். சுற்றுலாவால் வருமானம் வந்தால் வழிகாட்டி, காவலர், கடை என எல்லாவற்றிலும் உள்ளூர்ச் சேரிக்கும், காட்டை நம்பி வாழும் பளியர் குடும்பங்களுக்கும் பங்கு வேண்டும்.

தளவாய்புரத்தில் நம் பிள்ளைகள் பலர் இன்று நைட்டி தைக்கும் மிஷினில் உட்கார்ந்திருக்கிறார்கள். மடையை எப்படித் திறப்பது என்று அவர்களுக்குத் தெரியாது. தெரிந்த தாத்தாக்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அந்த வேலை இழிவின் அடையாளமாகத் தொடர வேண்டாம். மதிப்புள்ள உத்தியோகமாக மாறட்டும். அடுத்த மழைக்கு அந்தச் சாலையில் போகிறவர்கள் ஒரு நிமிடம் வண்டியை நிறுத்தி, மடைப்பக்கம் நிற்கும் பெரியவரிடம் இந்தக் கண்மாய் எப்போது நிறைந்தது என்று கேளுங்கள். அவர் சொல்லும் கணக்கை அதிகாரிகளும் கேட்கட்டும்.