நம் ஊருக்கும் ஒரு கால் சைன் வேண்டும்

கட்டுரை கொஞ்சம் நீளமாப் போயிட்டுது. ரீசஸில் பாதி, சாப்பாட்டு மணிக்கு அப்புறம் பாதி என்று படியுங்கள்.

நான் சொல்ல வந்த கருத்து இதுதான். நம் பள்ளியில் ஹாம் ரேடியோ படிக்க ஒரு குழு வேண்டும். அதில் பெண் பிள்ளைகளும் சேர வேண்டும். அடுத்த வருஷத்துக்குள் இரண்டு பேராவது பரீட்சை எழுத வேண்டும்.

ஹாம் என்றால் திங்கிற பொருள் இல்லை. ரேடியோவில் நாம் கேட்க மட்டும்தான் முடியும். ஹாம் ரேடியோவில் கேட்கவும் செய்யலாம், பேசவும் செய்யலாம். சம்பளத்துக்கு இல்லை, வியாபாரத்துக்கு இல்லை, ஆசைக்கும் ஆராய்ச்சிக்கும் ஆபத்துக்கும். தமிழில் அமெச்சூர் வானொலி என்று சொல்கிறார்கள். அதற்கு மத்திய அரசு பரீட்சை வைத்து, தேறினவர்களுக்கு லைசென்ஸ் தருகிறது. 1978-ஆம் ஆண்டு வந்த விதிகளில் வயது 12 ஆனால் போதும் என்று போட்டிருக்கிறது. பன்னிரண்டு! நம்ம ஏழாம் வகுப்புப் பிள்ளைகள். மோட்டார் சைக்கிள் ஓட்ட நமக்கு லைசென்ஸ் கிடையாது, ஓட்டுப் போட முடியாது. ஆனால் வானத்தில் பேச முடியும்.

லைசென்ஸ் வாங்கியவருக்கு ஒரு கால் சைன் கிடைக்கும். வண்டிக்கு நம்பர் பிளேட் மாதிரி. இந்தியாவில் அது 'வி.யூ.' என்று ஆரம்பிக்கும். ஜெனரல் கிரேடு என்றால் வி.யூ.2, ஆரம்பத்தில் இருப்பவர்கள் எழுதுகிற ரெஸ்ட்ரிக்டெட் கிரேடு என்றால் வி.யூ.3. அப்புறம் இரண்டு மூன்று எழுத்து வரும். அந்த முழுக் கால் சைன் உலகத்தில் வேறு ஒருவருக்கும் இருக்காது. நம் வகுப்பில் ஒரே பெயரில் மூன்று பேர் இருந்தால் இனிஷியல் வைத்துக் கூப்பிடுகிறோம். கால் சைனில் அந்தக் குழப்பமே வராது.

"கையில போன் இருக்கையில இது எதுக்குடி?" என்று என் தோழி கேட்டாள். அவள் வாப்பா சவூதியில் இருக்கிறார், தினம் வீடியோவில் முகம் பார்த்துப் பேசுகிறார்கள். அவள் கேட்டது நியாயமான கேள்விதான். ஆனால் போன் எப்படி வேலை செய்கிறது என்று யோசிக்க வேண்டும். நம் போனிலிருந்து டவர், டவரிலிருந்து கேபிள், கேபிளிலிருந்து இன்னொரு ஊர், அங்கிருந்து மறுபடி டவர். இதில் ஒன்று அறுந்தாலும் பேச்சு நின்றுவிடும். கரண்ட் போய் டவரின் பேட்டரியும் தீர்ந்தால் நல்ல போனும் டார்ச் லைட்தான். ஹாம் ரேடியோவில் நடுவில் யாரும் இல்லை. இந்தப் பக்கம் ஒரு பெட்டி, ஒரு பேட்டரி, ஒரு ஒயர். அந்தப் பக்கமும் அதே. நடுவில் வானம்.

இதற்குப் பெரிய சாட்சி 2004 டிசம்பர் 26. சுனாமி அன்று இலங்கை மறைத்து நின்றதால் நம்ம பக்கம் நாகப்பட்டினம் அளவுக்கு அடி விழவில்லை என்று வீட்டில் சொல்வார்கள். அந்தமானில் பயங்கர அடி. அந்த நேரம் போர்ட் பிளேரில் பாரதி பிரசாத் என்ற பெண்மணி ஹாம் குழு ஒன்றோடு இருந்தார். அவர் கால் சைன் வி.யூ.2 ஆர்.பி.ஐ. ஐதராபாத்தில் இருக்கும் தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தின் சார்பில், அந்தமானிலிருந்து உலக நாடுகளோடு பேசுவதற்காகப் போயிருந்தார்கள். அதாவது பொழுதுபோக்குக்கு. அன்று காலை பூமி ஆடியதும் பொழுதுபோக்கு முடிந்துவிட்டது. போன் வேலை செய்யாத இடத்திலிருந்து, இன்னார் உயிரோடு இருக்கிறார், இங்கே இது வேண்டும் என்று கரைக்குச் செய்தி அனுப்பினார்கள். குழுவில் சிலர் கார் நிக்கோபாருக்கும் போனார்கள். அதே சமயம் இலங்கையில் அம்பாந்தோட்டையிலிருந்து கொழும்புக்கு அந்த நாட்டு ஹாம்கள் தகவல் அனுப்பினார்கள்.

பாரதி பிரசாத் பெயரை நான் வேண்டுமென்றேதான் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன். "பொம்பளப் பிள்ளைக்கு ஒயர்லெஸ் எதுக்கு" என்று எங்கள் தெருவில் சொன்னவர்களுக்காக.

இன்னும் பழைய கதை ஒன்று நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. 1964 டிசம்பர் 22 ராத்திரி பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன ரயிலை அலை இழுத்துக்கொண்டு போனது எல்லாருக்கும் தெரியும். எங்கள் அப்பத்தா அதைச் சொல்லும்போது இன்னும் குரலைத் தாழ்த்தித்தான் சொல்லும். ஆனால் ரயில்வே தலைமையிடம் அந்தச் செய்தியை வெளியிட்டது சுமார் 48 மணி நேரம் கழித்து! புயலைத் தடுக்க ரேடியோவால் முடியாது. ஆனால் இரண்டு நாள் யாருக்கும் தெரியாமல் இருந்தது புயலின் வேலை மட்டும் இல்லையே. தந்திக் கம்பி அறுந்தால் வேறு வழி இல்லை என்கிற நிலைமையின் வேலை அது.

2018-ல் கஜா வந்தபோது நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் கரண்டும் போனும் எத்தனை நாள் இல்லாமல் இருந்தன என்று அங்கே சொந்தம் உள்ளவர்களைக் கேட்டுப் பாருங்கள். 2024 நவம்பரில் ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. நம்ம கடற்கரைக்கு இது ஆடிக்கொரு தரம் அமாவாசைக்கொரு தரம் வருகிற விஷயம் இல்லை.

ஒன்றை மட்டும் நேராகச் சொல்லிவிடுகிறேன். ஹாம் லைசென்ஸ் வாங்கினால் கடலில் இருக்கிற அப்பாவோடு பேசலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். நானும் முதலில் அந்த ஆசையில்தான் இதைப் படிக்க ஆரம்பித்தேன். லாஞ்சில் இருக்கிற ஒயர்லெஸ் செட்டின் அலைவரிசை வேறு, அதற்கு உரிமம் வேறு. அதில் 16-ஆம் சானல், அதாவது 156.8 மெகாஹெர்ட்ஸ், ஆபத்துக்கு என்றே ஒதுக்கியது. ஹாம்கள் அதில் சாதாரணமாகப் பேசக் கூடாது. ஆனால் இந்தப் பாடத்தைப் படித்தால் அப்பாக்கள் கையில் இருக்கும் செட் ஏன் கொஞ்ச தூரத்தில் இரைய ஆரம்பிக்கிறது என்பது புரிந்துவிடும். அந்த அலை நேர்கோட்டில்தான் போகும், பூமியோ உருண்டை. 9 மீட்டர் உயரத்தில் ஏரியல் வைத்தால் சுமார் 12 கிலோமீட்டரில் அடிவானம் வந்துவிடும். எதிரில் இருப்பவர் ஏரியலும் உயரமாக இருந்தால் அவர் பங்குக்கு அவ்வளவு கூடும். வத்தையில் உட்கார்ந்திருப்பவர் கையில் செட் இருந்தால் என்ன உயரம் இருக்கும், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். செட் மட்டமான செட் என்று கடைக்காரரைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை, பாதித் தப்பு பூமியோடது.

ஹாம்கள் பயன்படுத்தும் 7 மெகாஹெர்ட்ஸ் அலை அப்படி இல்லை. அது மேலே போய், அயனி மண்டலம் என்கிற அடுக்கில் பட்டு, கேரம் போர்டு காயின் மாதிரி திரும்பிக் கீழே வரும். அதனால்தான் தொண்டியிலிருந்து சென்னை, பெங்களூர் எல்லாம் பகலிலேயே எட்டும். ராத்திரியில் இன்னும் தூரம் போகும். இதற்கு ஏரியல் ரொம்பச் சுலபம். 300-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் அலைநீளம் மீட்டரில் வரும். 7.1-க்கு 42 மீட்டர் சொச்சம். அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக, 20 மீட்டர் செம்புக் கம்பி எடுத்து, நடுவில் வெட்டி, ஒரு பக்கம் 10, மறுபக்கம் 10 என்று இரண்டு மரத்துக்கு நடுவில் கட்டினால் அதுதான் டைபோல். நம் பள்ளி மைதானத்து மரங்களை நான் காலடியால் அளந்து பார்த்துவிட்டேன், இடம் தாராளமாக இருக்கிறது.

பரீட்சையில் இரண்டு பகுதி. ஒன்று ரேடியோ தியரி, மற்றது சட்ட விதிகள். ரெஸ்ட்ரிக்டெட் கிரேடுக்கு மோர்ஸ் தந்தி தேவையில்லை. ஜெனரலுக்குத்தான் நிமிஷத்துக்கு 8 வார்த்தை அனுப்பவும் வாங்கவும் தெரிய வேண்டும். தியரியைப் பார்த்துப் பயப்படாதீர்கள். ஓம் விதி நம் அறிவியல் புத்தகத்திலேயே இருக்கிறது. 12 வோல்ட் பேட்டரி, 6 ஓம் மின்தடை, 2 ஆம்பியர் மின்னோட்டம், 24 வாட் திறன். இந்தக் கணக்கை நம் வகுப்பில் தூங்குகிறவன்கூடப் போடுவான். காந்தமும் மின்சாரமும் பாடத்தையும் சேர்த்துக்கொண்டால் அஸ்திவாரம் முடிந்தது. புதுசாகப் படிக்க வேண்டியது மின்தேக்கியும் கம்பிச்சுருளும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பது. ஊஞ்சலை அதன் வேகம் பார்த்துத் தள்ளினால்தானே உயரப் போகும்? கண்டபடி தள்ளினால் நின்றுவிடும். அந்த மாதிரி, இந்த இரண்டும் சேர்ந்த சுற்று தனக்குப் பிடித்த ஒரு அலைவரிசைக்கு மட்டும்தான் நன்றாக ஆடும். ரேடியோவில் ஸ்டேஷன் பிடிக்கிறது இப்படித்தான். இதைப் புரிந்துகொண்ட அன்று எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

எனக்கு ரொம்பப் பிடித்தது கியூ குறியீடுகள். கப்பலும் கரையும் பேசிக்கொள்வதற்காக 1909 வாக்கில் வந்தவை, ஆக நம்மை மாதிரி கடற்கரைக்காரர்களுக்குச் சொந்தமானவை. 'கியூ.டி.எச்.' என்றால் இருக்கும் இடம். 'கியூ.எஸ்.எல்.' என்றால் செய்தி கிடைத்தது. 'கியூ.ஆர்.எம்.' என்றால் குறுக்கே இன்னொரு ஸ்டேஷன் தொந்தரவு. டீச்சர் பாடம் நடத்தும்போது பின் பெஞ்சில் பேசுகிறார்களே, அதுதான் கியூ.ஆர்.எம். எங்கள் வரிசையில் இப்போதே அப்படித்தான் சொல்கிறோம்.

வீட்டில் அம்மாவுக்கு ஒரே பயம். "கடற்கரை ஊரு, எதிர்த்தாப்புல இலங்கை. ஒயர்லெஸ் வச்சிருந்தா போலீஸ் வரும்" என்கிறது. அம்மா பயப்படுவதில் அர்த்தம் இருக்கிறது. லைசென்ஸ் இல்லாமல் வைத்துப் பேசினால் குற்றம்தான், வரத்தான் செய்வார்கள். ஆனால் ஹாம் விதிகளைப் படித்தால் தெரியும், இதைவிடத் திறந்த விஷயம் வேறு இல்லை. பேசும்போது கால் சைனைச் சொல்ல வேண்டும். யாரோடு எத்தனை மணிக்கு என்ன அலைவரிசையில் பேசினோம் என்று லாக் புத்தகத்தில் எழுத வேண்டும். ரகசிய மொழி கூடாது (நம்ம 'க' பாஷை செல்லாது). பாட்டுப் போடக் கூடாது, வியாபாரம் பேசக் கூடாது, கெட்ட வார்த்தை கூடவே கூடாது. யார் வேண்டுமானாலும் கேட்கலாம் என்று தெரிந்தே பேசுகிற பேச்சு. லைசென்ஸ் கொடுப்பதற்கு முன்னால் விசாரிக்கவும் செய்வார்கள், விசாரிக்கட்டும். லைசென்ஸ் வாங்கிப் பேசுகிற ஒருத்தி ஊரில் இருந்தால் போலீசுக்கே நல்லதுதானே?

"பத்தாம் வகுப்பு வரப்போகுது, இதெல்லாம் மார்க்குக்கு ஆகுமா?" என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். மார்க் ஷீட்டில் இது வராது, ஒத்துக்கொள்கிறேன். கபடியும் வராது, ஆனாலும் விளையாடுகிறோம். நம் நாடு 2005 மே 5-ஆம் தேதி ஹாம்சாட் என்று ஹாம்களுக்காகவே ஒரு செயற்கைக்கோள் விட்டது. 2014 வரை உலகம் பூராவும் ஆட்கள் அதன் வழியாகப் பேசினார்கள். அது பயன் இல்லாத வேலை என்றால் இஸ்ரோ ஏன் செய்யப் போகிறது? மேற்கு வங்கத்தில் கங்காசாகர் மேளாவில் காணாமல் போகிறவர்களை வீட்டோடு சேர்த்து வைப்பது அங்குள்ள ஹாம்கள்தான். ராமேஸ்வரத்தில் ஆடி அமாவாசைக் கூட்டத்தையும், ஏர்வாடியில் சந்தனக்கூடு கூட்டத்தையும் நினைத்துப் பாருங்கள். கை விட்டுப் போன ஒரு பிள்ளையைத் தேடுவதற்கு ஒலிபெருக்கி மட்டும்தான் வழியா?

எனக்கு உண்மையான தடையாகத் தெரிவது வேறு. முதலாவது இங்கிலீஷ். பெரியம்மா மகன் பாலிடெக்னிக்கிலிருந்து கொண்டுவந்து கொடுத்த ஜெராக்ஸ் முழுக்க இங்கிலீஷ். ஒரு பக்கம் படிக்க எனக்கு மூன்று நாள் ஆகிறது. இரண்டாவது, பரீட்சைக்குச் சென்னை மாதிரி பெரிய ஊருக்குப் போக வேண்டும். பஸ் சார்ஜ், கூட வர ஒரு ஆள், அந்த ஆளுக்கு ஒரு நாள் கூலி நஷ்டம். பரீட்சைக் கட்டணத்தைவிட இதுதான் பெரிசு. பெண் பிள்ளை என்றால் கூட வர ஆள் இல்லாமலே பாதிப் பேர் நின்றுவிடுவார்கள். செட் வாங்குகிற பேச்சை இப்போது எடுக்கவே வேண்டாம். முதலில் படிப்போம், எழுதுவோம்.

அதனால் தலைமை ஆசிரியர் அவர்களிடம் பணிவோடு கேட்பது: வெள்ளிக்கிழமை கடைசிப் பிரியடை எங்களுக்குத் தாருங்கள். அறிவியல் ஆசிரியர் ஓம் விதியிலிருந்து ஆரம்பிக்கட்டும். ஆங்கில ஆசிரியர் ஒரு பக்கத்துக்கு அர்த்தம் சொன்னால் நாங்கள் தமிழில் எழுதி நோட்டாக வைத்துக்கொள்கிறோம், அடுத்த வருஷப் பிள்ளைகளுக்கு ஆகும். பரீட்சைக்குப் போகும்போது ஆசிரியை ஒருவர் கூட வந்தால் எங்கள் வீடுகளில் விடுவார்கள். என் வீட்டில் விடுவார்கள், கேட்டுவிட்டேன்.

சேர விரும்புகிறவர்கள் இந்தத் தாளுக்குக் கீழே தொங்கும் காகிதத்தில் பெயர், வகுப்பு எழுதுங்கள். இப்போது நான்கு பெயர் இருக்கிறது, மூன்று பெண்கள். சும்மா எழுதக் கூடாது, இந்தக் கணக்கையும் போட்டு விடையைப் பக்கத்தில் எழுத வேண்டும்: பாம்பன் 'கடல் ஓசை' வானொலி 90.4 மெகாஹெர்ட்ஸ். அதன் அலைநீளம் எத்தனை மீட்டர்? அதற்கு டைபோல் கட்ட எத்தனை மீட்டர் கம்பி வேண்டும்?

— 9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி