வாக்கர் வேறு, நடைவண்டி வேறு

சென்ற ஆண்டு ஆவணி மாதத்தில் எங்கள் வீட்டிற்குச் சென்னையிலிருந்து ஒரு பெரிய அட்டைப்பெட்டி வந்து சேர்ந்தது. அனுப்பியவன் என் மகன். யாருக்காக வந்ததோ அவன் என் மகள்வழிப் பேரன். அப்போது அவனுக்கு எட்டு மாதம். தாய்மாமன் சீர் என்றால் எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரு தனி மதிப்பு உண்டு என்பதை நெல்லைச் சீமைக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பெட்டிக்குள் இருந்தது எட்டுச் சக்கரங்கள் கொண்ட ஒரு பிளாஸ்டிக் வாக்கர். நடுவில் துணி இருக்கை, முன்னால் ஒரு தட்டு, தட்டில் பாட்டுப் பாடும் பொத்தான்கள். குழந்தை அதில் உட்கார்ந்த மறுகணமே சிரித்தான். அந்தச் சிரிப்பைக் கைப்பேசியில் படம்பிடித்து மாமனுக்கு அனுப்பினோம்.

பன்னிரண்டாம் நாள் அவன் விழுந்தான்.

எங்கள் வீடு டவுனில் உள்ள பழைய வீடு. தார்சா, பட்டாசால், இரண்டாங்கட்டு, அடுக்களை, புறவாசல் என்று நீண்டுகொண்டே போகும் அமைப்பு. பட்டாசாலிலிருந்து இரண்டாங்கட்டிற்கு இறங்க இரண்டு படிகள். ஒன்றரை அடி இறக்கம். மகள் வேலைக்குப் போய்விட்டாள். நான் அடுக்களையில் சோதிக்குத் தேங்காய்ப்பால் பிழிந்துகொண்டிருந்தேன். அவன் பட்டாசாலின் வாசல் பக்கத்தில்தான் இருந்தான். நான் பார்த்துவிட்டுத்தான் திரும்பினேன். சக்கரம் தரையில் உருளும் சத்தம் கேட்டது. அடுத்து வந்த சத்தத்தை இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை.

மருத்துவமனையில் அவன் இருமுறை வாந்தி எடுத்தான். நெற்றியில் எலுமிச்சை அளவு வீக்கம். பணியிலிருந்த இளம் மருத்துவர் முதலில் கேட்ட கேள்வி, "வாக்கரா?" என்பது. இரண்டாவது கேள்வி, "எத்தனை படி?" என்பது. நாங்கள் ஒன்றும் சொல்லாமலே அவருக்கு எப்படித் தெரிந்தது என்று அன்றிரவு முழுவதும் எண்ணிக்கொண்டிருந்தேன். ஓர் இரவு கண்காணிப்பில் வைத்திருந்து, தலையை ஸ்கேன் செய்து, ஒன்றுமில்லை என்று மறுநாள் அனுப்பினார்கள். இன்று அவன் தெருவெல்லாம் ஓடுகிறான். ஆனால் அந்த இரண்டு கேள்விகள் என்னை விடவில்லை. அவற்றின் பொருட்டே இதை எழுதுகிறேன்.

அவருக்குத் தெரிந்திருந்ததன் காரணம் எளியது: உலகெங்கும் குழந்தை மருத்துவர்கள் இதே காயத்தை மீண்டும் மீண்டும் பார்த்துவருகிறார்கள். அமெரிக்காவில் 1990 முதல் 2014 வரையிலான 25 ஆண்டுகளில், 15 மாதத்திற்கு உட்பட்ட ஏறத்தாழ 2,30,000 குழந்தைகள் வாக்கர் விபத்துகளால் அவசரச் சிகிச்சைப் பிரிவுகளுக்குக் கொண்டுவரப்பட்டதாக 2018இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அவர்களில் பத்தில் ஒன்பது பேருக்குத் தலையிலோ கழுத்திலோ அடி. நான்கில் மூன்று பேர் படியில் உருண்டவர்கள். கனடா 2004 ஏப்ரலில் இப்பொருளை அடியோடு தடைசெய்தது. புதியதை விற்பது மட்டுமன்று. பழையதை விற்பதும், விளம்பரம் செய்வதும், இறக்குமதி செய்வதும் அங்கே குற்றம். நம் நாட்டில் இன்றும் கடைவீதியில் வண்ணவண்ணமாகத் தொங்குகிறது. கைப்பேசியில் இரண்டு முறை விரலால் தொட்டால் வீட்டு வாசலுக்கு வந்துவிடுகிறது.

விபத்து நடப்பது கவனக் குறைவினால் என்றுதான் நானும் நினைத்திருந்தேன், என்னையே நொந்துகொண்டேன். பிறகுதான் ஒரு கணக்குப் புரிந்தது. வாக்கரில் இருக்கும் குழந்தை ஒரே நொடியில் ஒரு மீட்டருக்கு மேல் கடந்துவிடும். தவழும் குழந்தை அந்தத் தொலைவைக் கடப்பதற்குள் நாம் எழுந்து சென்று தூக்கிவிடலாம். வாக்கரில் இருப்பவனை, பக்கத்திலேயே நின்றாலும் எட்டிப் பிடிக்க முடியாது. அந்த அமெரிக்கக் காயங்களில் பலவும் பெரியவர் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நேர்ந்தவைதாம். இன்னொன்றும் உண்டு. குழந்தையின் உயரத்தை அது கூட்டிவிடுகிறது. நேற்றுவரை எட்டாதிருந்த தேநீர்க் குவளையும், மேசை விரிப்பின் நுனியும், கஞ்சிப் பாத்திரத்தின் விளிம்பும் இன்று கைக்கு எட்டிவிடுகின்றன. வாக்கர் காயங்களில் வெந்நீர்ப் புண்ணும் ஒன்றாக இருப்பதன் காரணம் இதுதான்.

சரி, ஆபத்து இருந்தாலும் சீக்கிரம் நடை பழகுமே என்பார்கள். என் மகனும் அப்படித்தான் நம்பி வாங்கினான். பெட்டியின் மேலும் அப்படித்தான் அச்சிட்டிருந்தது. உண்மை நேர்மாறானது. 1999இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், வாக்கரில் வளர்ந்த குழந்தைகள் மற்றக் குழந்தைகளைக் காட்டிலும் தாமதமாகவே உட்கார்ந்தன, தவழ்ந்தன, நடந்தன. ஆலோசித்துப் பார்த்தால் வியப்பில்லை. இருக்கை உடலைத் தாங்கிக்கொள்வதால் குழந்தை தன் எடையைத் தானே சுமக்கப் பழகுவதில்லை. நுனிக்காலால் உந்துகிறது. முன்னாலுள்ள தட்டு மறைப்பதால் தன் கால் எங்கே போகிறது என்பதையும் காண்பதில்லை. விழாமல் நடக்க, முதலில் விழுந்து எழப் பழக வேண்டும். அந்தச் சின்னச் சின்ன விழுகைகளைத்தான் வாக்கர் பறித்துக்கொள்கிறது.

இவ்விடத்தில் சொற்குழப்பம் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டியிருக்கிறது. "நம் பாட்டன் காலத்திலேயே இது இருந்ததே" என்று சிலர் வாதிடுகிறார்கள். இருந்தது நடைவண்டி. மூன்று மரச் சக்கரம், ஒரு கைப்பிடி, அவ்வளவுதான். குழந்தை அதற்குள் உட்காருவதில்லை. பின்னால் நின்று தள்ளுகிறது. தானாக எழுந்து நிற்கத் தெரிந்த குழந்தையால்தான் அதைத் தொடவே முடியும். தள்ளுவதை நிறுத்தினால் வண்டியும் நின்றுவிடும். அதிலும் விழுவார்கள், மறுக்கவில்லை. படிக்கட்டுள்ள வீட்டில் அதையும் கண்காணித்தே விட வேண்டும். ஆயினும் நிற்காத குழந்தையை நிற்கவைத்து ஓடவிடும் பொருளும், நிற்கும் குழந்தைக்குத் துணைவரும் பொருளும் ஒன்றல்ல. கடைக்காரர் இரண்டையும் ஒரே பெயரில் விற்பதால் நாமும் ஒன்றென்றே எண்ணிவிடுகிறோம்.

மர விளையாட்டுப் பொருள் என்றதும் அம்பாசமுத்திரம் சொப்புச் சாமான் நினைவுக்கு வராத நெல்லைக்காரர் யார்? ஆனித் தேரோட்டத்தின்போது ரத வீதிக் கடைகளில் ஓலைப்பெட்டி நிறைய வாங்கி வருவோம். அடுப்பு, குடம், ஆட்டுரல், அம்மி என்று கடைசலில் பிடித்து வண்ணம் ஏற்றிய ஒரு முழு அடுக்களையே உள்ளங்கையில் அடங்கும். பிளாஸ்டிக்கைக் குறை சொல்லிவிட்டு மரத்தைத் தூக்கிவைக்கிறேன் என்று எண்ண வேண்டாம். நம் ஊர்ப் பொருள் என்ற பாசத்தால் உண்மையை மறைப்பது முறையாகாது: அந்தச் சின்னக் குடமும் குழவியும் மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையின் தொண்டையில் சிக்கக்கூடியவை. சுமார் மூன்று சென்டிமீட்டர் குறுக்களவுள்ள குழாயில் ஒரு பொருள் முழுதாக உள்ளே போய்விடுமாயின், அது சிறு குழந்தைக்கு உரியதன்று. அக்காள் விளையாடட்டும், தம்பி உறங்கும் நேரத்தில் விளையாடட்டும்.

2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கப்படும் விளையாட்டுப் பொருள்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். பதிவுபெற்ற கைவினைஞர்களின் பொருள்களுக்கு விலக்கு உண்டு. முத்திரையைப் பார்த்து வாங்குவது நல்லதே. கூர்முனை உண்டா, வண்ணத்தில் நஞ்சு உண்டா என்பவற்றையெல்லாம் சோதித்தே அதைத் தருகிறார்கள். ஆனால் எங்கள் பட்டாசாலில் இரண்டு படி இருப்பதை எந்த முத்திரையும் அறியாது.

என் கருத்து இதுதான். "வாங்கிப் பார்ப்போம், ஒத்துக்கொண்டால் வைத்துக்கொள்வோம்" என்ற பழக்கம் புடைவைக்குப் பொருந்தும், மிக்ஸிக்குப் பொருந்தும். குழந்தைப் பொருளுக்குப் பொருந்தாது. அங்கே சோதிக்கிறவர் நாமல்லர். எட்டு மாதக் குழந்தை தன் தலையைக் கொண்டு சோதிக்கிறது. கண்மையும் அப்படித்தான்; சில மைகளில் ஈயம் கலந்திருப்பது பல நாடுகளின் சோதனைகளில் தெரியவந்துள்ளது. குழந்தையின் கண்ணுக்கு அதனால் யாதொரு நன்மையும் இல்லை. இலவசமாகக் கிடைக்கும் பால்மாவு மாதிரியும் அப்படித்தான். 1992ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தாய்மாருக்கு வழங்குவதையே தடைசெய்திருக்கிறது. யாரேனும் நீட்டினால் வாங்காதீர்கள். வயிற்றுப்போக்கின்போது ஓ.ஆர்.எஸ். என்ற எழுத்துகளைக் கண்டு இனிப்புப் பானத்தை வாங்கிக் கொடுத்து ஏமாந்தவர்கள் எத்தனை பேர்! ஹைதராபாத்தைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் எட்டு ஆண்டுகள் போராடிய பின்னரே, 2025 அக்டோபரில் அந்தப் பெயரை அத்தகைய பானங்களின்மேல் அச்சிடக் கூடாதென்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது.

ஒரு வாதத்தை மட்டும் என்னால் எளிதில் தள்ளிவிட முடியவில்லை. முக்கூடல் பக்கத்திலிருந்து மருத்துவமனைக்கு வந்திருந்த ஒரு தாயை அன்று வார்டில் சந்தித்தேன். வீட்டில் பீடி சுற்றுகிறவர். மடியில் சுளகு, சுளகில் இலையும் தூளும் கத்தரியும். "குழந்தையை எங்கதாம்மா விட? வாக்கர்ல விட்டாத்தான் தூளைத் தொடாம இருக்கு" என்றார். எனக்கு உடனே பதில் வரவில்லை. படியில்லாத ஒற்றை அறை வீட்டில் அது உதவியாகத்தான் தோன்றும். பேசிப் பார்த்ததில், அவருக்கு வேண்டியிருந்தது குழந்தை நடப்பதற்கான பொருளன்று; குழந்தை ஓரிடத்தில் இருப்பதற்கான வழி. அதற்குச் சக்கரமே கூடாது. அறை வாசலில் முழங்கால் உயரத்திற்குக் குறுக்கே ஒரு பலகை போதும். சுவர் மூலையில் பத்தமடைப் பாயோ பழைய போர்வையோ விரித்து, நகராத பெட்டிகளால் அடைத்து, உள்ளே இரண்டு தட்டும் ஒரு மரக்கரண்டியும் போட்டால் அரை மணிநேரம் கிடைக்கும். அரை மணிநேரம் போதாதுதான். சுற்றுகிற பீடிக்குத்தான் கூலி. அவருடைய குறையைத் தீர்க்க வேண்டியது குழந்தைகள் காப்பகமேயன்றி நான் சொல்லும் யோசனைகள் அல்ல. அதையும் இங்கே பதிவுசெய்கிறேன்.

பொருளை வாங்குமுன் நாம் செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. வெட்கப்படாமல் தரையில் மண்டியிட்டு, குழந்தையின் உயரத்திலிருந்து வீட்டை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். எனக்கு மூட்டுவலி, மகள்தான் செய்தாள். சுவர் ஓரத்து மின்துளை, கட்டிலடியில் கிடந்த தொலைக்காட்சி ரிமோட்டின் வட்ட மின்கலம், கொலுசுத் திருகு எல்லாம் அப்போதுதான் கண்ணில் பட்டன. வட்ட மின்கலத்தைக் குழந்தை விழுங்கியிருக்கலாம் என்ற ஐயம் வந்தாலே, வாந்தி எடுக்கவைக்க முயலாமல் உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும். சில மணிநேரத்திலேயே அது உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும்.

குழந்தை தலையில் அடிபட்டு விழுந்தால் வீக்கத்தின் அளவைப் பார்த்து ஆறுதல் கொள்ளாதீர்கள். மீண்டும் மீண்டும் வாந்தி, வழக்கத்திற்கு மாறான உறக்கம், வலிப்பு, பால் குடிக்க மறுத்தல், உச்சிக்குழி மேலெழும்புதல், மூக்கிலோ காதிலோ இரத்தமோ தெளிந்த நீரோ வடிதல் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் தாமதியாமல் 108ஐ அழையுங்கள். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையாயின் எதுவும் தென்படாவிட்டாலும் ஒருமுறை காட்டிவிடுவதே நல்லது. எப்படி விழுந்தது, எவ்வளவு உயரம், எத்தனை மணிக்கு என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள். நான் முதலில் "தவழ்ந்து விழுந்துவிட்டான்" என்றுதான் சொல்ல நினைத்தேன். வாக்கரில் விட்டேன் என்று சொல்ல நா கூசியது. அந்த மருத்துவர் முந்திக்கொண்டு கேட்டிராவிட்டால் பொய்தான் சொல்லியிருப்பேன்.

எஞ்சியது சீர்ப் பிரச்சினை. மகனிடம் எப்படிச் சொல்வது என்று மூன்று நாள் தயங்கினோம். "அண்ணன் மனசு நோகுமே அம்மா, மதினியும் என்ன நினைப்பாங்களோ" என்றாள் மகள். ஒரு வீட்டில் ஆபத்தான பொருள் தங்கிவிடுவது பெரும்பாலும் இந்த ஒரு சொல்லால்தான். கடைசியில் நானே தொலைபேசியில் சொன்னேன். அவன் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "எனக்குத் தெரியாதும்மா" என்றான். தெரிந்திருந்தால் அனுப்பியிருப்பானா? எனக்கும்தான் தெரியாது. உறவினர் குழந்தைக்கு ஏதேனும் கொடுக்க விரும்புவோர் முன்கூட்டியே அந்தத் தாயைக் கேட்டுவிட்டால் இருவருக்கும் சங்கடமில்லை. பெறுகிறவர்களும் "வைத்திருக்கிறோம்" என்று மழுப்பாமல் காரணத்தைச் சொல்லிவிடலாம்.

அடுத்த தெருப் பெண்ணுக்கு ஏழு மாதக் குழந்தை. "ஆச்சி, உங்களுக்கு வேண்டாம்னா எனக்குத் தாங்களேன்" என்று வந்து நின்றாள். விலை கொடுத்து வாங்கிய பொருளை வீணாக்குவானேன் என்று எனக்கும் ஒருகணம் தோன்றியது. தர மறுத்தேன். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை அவள். பழைய இரும்பு, பிளாஸ்டிக் எடுக்கிறவர் வந்தபோது எட்டுச் சக்கரங்களையும் திருகிக் கழற்றித் தனியாகவும், சட்டத்தை இரண்டாக அறுத்துத் தனியாகவும் போட்டேன். "நல்லாத்தானே இருக்கு, ஏம்மா உடைக்கிறீங்க?" என்றார் அவர். பேரன் அப்போது படியின் மேல் வைத்த பலகையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றுகொண்டிருந்தான்.